மேலே போன சீஸும் பாதுகாப்புக் குழுவும்

ரொட்டியின் மேல் வைக்கும் சீஸ் எங்கே போகிறது என்பது நீச்சல் பயிற்சியாளருக்குப் பிடிபடவே இல்லை.

வைப்பது அவர்தான். ஏர் ஃப்ரையரின் கூடையை வெளியே இழுப்பார். ரொட்டித் துண்டைப் படுக்க வைத்து, சதுரமான சீஸ் தகட்டை அதன்மேல் ஓரம் பிசகாமல் பொருத்துவார். கூடையை உள்ளே தள்ளிக் குமிழைத் திருகுவார். மணி அடித்ததும் இழுத்துப் பார்த்தால் ரொட்டி இருக்கும், சிவந்து மொறுமொறுவென்று. அதன்மேல் சீஸ் இருக்காது. உருகி வழிந்திருக்குமோ என்று கூடைக்கு அடியில் பார்த்தால் அங்கேயும் இருக்காது. எல்லா நாளும் இப்படி இல்லை. சில நாள் சமர்த்தாக வைத்த இடத்திலேயே இருக்கும். இல்லாத நாளில் மட்டும் ஒரு தீய்ந்த வாசனை வரும்.

"போற வழியில நீங்களே வாயில போட்டுக்கறீங்க," என்றாள் மனைவி.

"உன் மேல சத்தியமா இல்லை."

"என் மேல வேண்டாம். நானே அரை உசிரா இருக்கேன். சீஸ் மேல பண்ணுங்க."

மனைவி வானொலியில் செய்தி வாசிப்பவள். நான்காவது மாதம். எண்ணெய் காய்கிற வாசனை மூக்கில் பட்டால் போதும், குளியலறைக்கு ஓடுவாள். பழம் தங்கவில்லை, சூப் தங்கவில்லை, பாலைப் பார்த்தாலே முகம் திரும்பியது. வயிறு பெரிதாக வேண்டிய காலத்தில் கன்னம் சிறுத்துக்கொண்டே போனது. "எது தங்குதோ அதைக் குடுங்க, ஆராய்ச்சி பண்ணாதீங்க," என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தங்கியது ஒன்றே ஒன்றுதான்: ஏர் ஃப்ரையரில் சுட்ட சீஸ் ரொட்டி. வெறும் ரொட்டியைக் கொடுத்தால் அட்டை என்பாள். சீஸை மட்டும் கொடுத்தால் அழிரப்பர் என்பாள். இரண்டும் ஒன்றாகச் சூடேறி வந்தால்தான் சாப்பாடு.

பயிற்சியாளர் அந்தப் பெட்டியோடு நன்றாகப் பழகியிருந்தார். நேற்றைய உருளைக்கிழங்கு வறுவலைக் கூடையில் பரப்பி வைத்தால் இன்றைக்குச் செய்தது போல ஆகிவிடும் என்று தெரியும். ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்தால் மேலே முறுகும், உள்ளே நமுத்துப்போகும் என்றும் தெரியும். பாதியில் ஒருமுறை குலுக்க வேண்டும், கோழித் துண்டின் ஈரத்தை முதலில் துடைக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. சீஸ் மட்டும் கைவிட்டது. ரொட்டியை மாற்றினார், சீஸை மாற்றினார், பெட்டியை வேறு பிளக்கில் சொருகிப் பார்த்தார். தக்காளி வைத்துக் கொடுத்த நாட்களில் எல்லாம் சரியாக வந்தது. ஆனால் தக்காளி வாசனையும் மனைவிக்கு ஆகாமல் போனது. தக்காளியை நிறுத்தினார். சீஸ் மறுபடி காணாமல் போகத் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. தக்காளி நின்ற வருத்தத்தில் சீஸ் கோபித்துக்கொண்டது போல இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை, தீய்ந்த வாசனை புகையாகவே வந்தது. கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியது.

அந்த அடுக்ககத்தில் ஒரு வீட்டில் அலறினால் எல்லா வீட்டிலும் அலறும். லிஃப்ட் நின்றுவிடும். அத்தனை பேரும் படியிறங்கி வாகன நிறுத்தத்தில் மாடி வாரியாக வரிசையில் நிற்க வேண்டும். பாதுகாப்புக் குழுவின் செயலாளர் கழுத்தில் தொங்கும் விசிலை ஊதிப் பெயர் கூப்பிடுவார். அவரை எல்லோரும் விசில் என்றே சொல்வார்கள். பிறகு, எந்த வீட்டிலிருந்து புகை வந்ததோ அந்த வீட்டார் படிக்கட்டில் ஏறி மைக்கில் வருத்தவுரை ஆற்ற வேண்டும். வருத்தவுரை முடியும்வரை யாரும் மேலே போகக் கூடாது. நெருப்பு உண்மையாகவே இருந்தாலும் அணைக்கப் போகக் கூடாதா என்று ஒருமுறை யாரோ கேட்டிருக்கிறார்கள். கேள்வி குறித்துக்கொள்ளப்பட்டது.

ஒன்பது மாடி இறங்கி வந்த மனைவிக்கு மூச்சு வாங்கியது. பயிற்சியாளர் படியேறி மைக்கைப் பிடித்தார். குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கக் கத்துகிற மனிதருக்கு வாயில் காற்றுதான் வந்தது. மனைவி அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"வணக்கம். முக்கியச் செய்திகள். ஒன்பதாம் மாடியில் இன்று காலை ஒரு ரொட்டி புகைந்தது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. சம்பவ இடத்திலிருந்து காணாமல் போன சீஸைத் தேடும் பணி தீவிரமாக நடைபெற்று வருகிறது. இத்துடன் செய்திகள் முடிவடைந்தன."

வரிசைகள் கைதட்டின. விசிலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விசிலை வாயில் வைத்து மறைத்துக்கொண்டார். குழுவின் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "வருத்தம் போதலை," என்றார்.

தலைவர் தேர்வுத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கக் காப்பியடிப்பவர்களைப் பிடித்தவர். உலகத்தில் எது நடந்தாலும், பக்கத்தில் யாரோ உதவி செய்திருக்கிறார்கள் என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றும். அன்றே விசிலோடு பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார். கூடையை உருவிவிட்டு, டார்ச்சை அடித்து, தலையைச் சாய்த்துப் பெட்டியின் மேற்கூரையைப் பார்த்தார். அங்கே சூடேற்றும் கம்பிச் சுருளில், கருகிய வௌவால் போல ஒட்டிக்கொண்டிருந்தது சீஸ்.

"கீழ வெச்ச பொருள் மேல எப்படிப் போச்சு?"

"தெரியலைங்க."

"தெரியலைன்னு எழுதினா பூஜ்யம். யார் எடுத்து வெச்சது?"

"யாரும் வைக்கலைங்க. கூடை உள்ள இருக்கும்போது கையே போகாதே."

"அப்ப தானா போச்சா?" தலைவர் நிமிர்ந்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல சொல்றேன், சார். தானா மேல போன ஒருத்தரை நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்து."

விசில் அதை அப்படியே குறித்துக்கொண்டார். தலைவர் கொஞ்சம் யோசித்து, கடைசி வாக்கியத்தை அடிக்கச் சொன்னார்.

பெட்டியைத் துணியில் சுற்றி, நூல் கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி முத்திரை குத்தினார்கள். விசாரணை முடியும்வரை தொடக் கூடாது. அரக்கு உருகிய வாசனையில் மனைவி குளியலறைக்கு ஓடினாள்.

விசாரணை துணைக்குழுக்களுக்குப் போனது. இந்தப் பொருள் என்ன என்று முதலில் தீர்மானிக்க வேண்டுமாம். அடுப்புத் துணைக்குழு வந்து பார்த்து, அடுப்பு என்றால் சுடர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இதில் தெரியவில்லை, ஆகவே இது மறைந்திருக்கும் அடுப்பு, மறைந்திருப்பது கூடுதல் குற்றம் என்று எழுதிவிட்டுப் போனது. மறுநாள் மின்விசிறித் துணைக்குழுவிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்தார்.

"உள்ள விசிறி இருக்கா?"

"இருக்குங்க. சுருளுக்கு மேல."

"அப்ப இது விசிறி. விசிறின்னா விதிப்படி கூரையில, கொக்கியில தொங்கணும்."

பயிற்சியாளர் சமையலறைக் கூரையைப் பார்த்தார். கொக்கி இருந்தது. "தொங்கவிட்டா நான் ஏணி போட்டு ரொட்டி வைக்கணுமேம்மா?"

"ஏணி எங்க வரம்புல வராது. அதுக்குத் தனித் துணைக்குழு இருக்கு."

"கூடை நழுவி யார் தலையிலாவது விழுந்தா?"

வக்கீலம்மா முதல்முறையாக உற்சாகமானார். "விழட்டும். அப்பத்தான் வழக்குக்கு ஒரு உருவம் வரும்."

இந்த நாட்களில் வீட்டில் நடந்தது வேறு. எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து, எண்ணெயில்லாத வாணலியில் ரொட்டி சுட்டுப் பார்த்தார் பயிற்சியாளர். அந்த வாணலி எப்போதோ குடித்த எண்ணெயின் வாசனையை மனைவி இரண்டு அறை தள்ளி இருந்தே கண்டுபிடித்துவிட்டாள். எதிர்வீட்டு அக்கா, பாவம், தன் வீட்டில் சுட்டுக் கொண்டுவந்தார். வருவதற்குள் சீஸ் இறுகி விறைத்துவிட்டது. மனைவி நாலு பிஸ்கட்டில் நாளை ஓட்டினாள். செய்தி வாசிக்கப் போனவள், வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு நிற்கிறது என்று பாதியில் திரும்பி வந்தாள். மருத்துவமனையில் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றபோது, முள்ளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் இறங்கினா படுக்க வெச்சு டிரிப்ஸ்தான் ஏத்தணும்," என்றார் டாக்டரம்மா. "குழந்தைக்கு நல்லதில்லை. அந்த ரொட்டி என்ன ஆச்சு?"

"சீல் வெச்சிருக்காங்க, டாக்டர்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ரொட்டிக்கா?"

அன்று மாலையே பயிற்சியாளர் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே டாக்டரம்மா சொன்னதைச் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. புரிஞ்சதாலதான் தாமதம். புரியலைன்னா அன்னிக்கே மறுத்திருப்போம். பயப்படாதீங்க, ஞாயித்துக்கிழமை பொதுக்கூடத்துல வெச்சு முடிச்சுடறேன். கூட்டம் நிறைய வரணும். நீங்களும் நாலு பேர்கிட்டச் சொல்லுங்க."

பொதுக்கூடம் தரைத்தளத்தில் இருந்தது. மேசை மேல் பெட்டி, முத்திரையோடு. முன்வரிசையில் மனைவி, மடியில் தண்ணீர்ப் புட்டியோடு. தலைவர் பேசினார்.

"இந்தக் குழு தொடங்கினதுல இருந்து இந்தக் கட்டடத்துல ஒரு தீ விபத்துகூட நடந்ததில்லை. தொடங்கறதுக்கு முன்னாடியும் நடந்ததில்லை. அதுக்கும் நாங்கதான் காரணம்னு நான் பெருமை அடிச்சுக்க விரும்பலை. ஆனா மறுக்கவும் மாட்டேன்." கைதட்டுக்காக நிறுத்தினார், விசில் தட்டினார். "இந்த உபகரணம் ஆபத்தானதா? எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ற துணிச்சல் ஒரு தலைவனுக்கு வேணும். தெரிஞ்சுக்கற ஆசை இருக்கக் கூடாது. தெரிஞ்சுக்கிட்டா நடுநிலை போயிடும். ஆகவே மனிதாபிமான அடிப்படையில, அந்தச் சகோதரியோட நிலையைப் பார்த்து, அனுமதி வழங்கறோம்."

மனைவி கண்ணை மூடித் திறந்தாள். பயிற்சியாளர் எழுந்தேவிட்டார்.

"ஒரு நிபந்தனை," என்றார் தலைவர். "அனுமதிச் சீட்டு எப்பவும் உபகரணத்துக்கு உள்ளேயே இருக்கணும். வெளிய ஒட்டினா கிழிச்சுடறாங்க. தேர்வு அறையில நுழைவுச் சீட்டு மாணவன்கிட்டதானே இருக்கணும்? வாசல்ல மாட்டிட்டு வர முடியுமா?"

"உள்ள சூடாகுமேங்க," என்றார் பயிற்சியாளர்.

"அரசாங்கத் தரத்துல அச்சடிச்ச தாள். தாங்கும்."

முத்திரை உடைக்கப்பட்டது. சுருளில் இருந்த பழைய சீஸ் கரியை, சாட்சிப் பொருள் என்பதால், விசில் சுரண்டி ஒரு உறையில் போட்டுக்கொண்டார். தலைவர் தன் கையெழுத்திட்ட மெல்லிய வெள்ளைத் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிவிட்டு, காலிக் கூடைக்குள், அடித்தட்டில் விரித்து வைத்தார். அதோடு விட்டாரா? இல்லை. வினாத்தாள் கட்டு கட்டிய கையல்லவா அது! யாரும் இடையில் புகுந்து முறைகேடு செய்துவிடக் கூடாது என்று, கூடையைத் தள்ளியதும் அதன் பிடியையும் பெட்டியையும் சேர்த்து நாடாவால் ஒட்டி, நாடாவின் மேலும் ஒரு கையெழுத்துப் போட்டார். "இப்ப ஒரு ஈ கூட உள்ள போக முடியாது. யாராவது உதவி பண்ண நினைச்சா, பார்த்துக்கலாம்." குமிழை அவரே திருகினார். விசில் ஒருமுறை ஊதித் தொடக்கிவைத்தார்.

பெட்டி உர்ரென்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு சத்தம் நின்றது. பிறகு வாசனை. பயிற்சியாளர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்குவதற்குள் புகை மேசையைத் தாண்டிக் கூரையைத் தொட்டுவிட்டது.

கட்டடம் அலறியது. லிஃப்ட் நின்றது. மேல் மாடிகளில் இருந்தவர்கள் திட்டிக்கொண்டே படியிறங்கி வந்தார்கள்; கூடத்தில் இருந்தவர்கள் வாசல் வழியாக நிறுத்தத்துக்கு வந்தார்கள். விசில் பெட்டியைத் தானே தூக்கி வந்து படிக்கட்டில் வைத்தார். நாடா கிழியவில்லை, கையெழுத்து அழியவில்லை. எல்லோர் முன்னாலும் அதை அறுத்துக் கூடையை இழுத்தார்கள்.

கூடை காலி.

தலைவர் குனிந்து டார்ச் அடித்தார். மேலே, சுருளில், கருகிய தாள் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கையெழுத்தின் கடைசிக் கோடு மட்டும் பிழைத்திருந்தது.

"யாரு மேல வெச்சது?" என்றார் தலைவர், பழக்கத்தில்.

சொல்ல வேண்டிய பதிலை அவர் கையாலேயே நாடா போட்டு ஒட்டியிருந்தார்.

பயிற்சியாளர் அசையாமல் நின்றார். அவர் கண்ணுக்கு முன்னால் நீச்சல் குளம் வந்தது. குளத்தின் ஓரத்தில் தண்ணீரை உறிஞ்சும் வாய் ஒன்று உண்டு. மோட்டார் ஓடும்போது, மிதக்கிற இலை எங்கே கிடந்தாலும் நகர்ந்து நகர்ந்து அந்த வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். அதே குளத்தில் பையன்கள் கழற்றிப் போட்ட கண்ணாடி, ஊக்கு, சாவி எல்லாம் போட்ட இடத்தில் அப்படியே கிடக்கும். இலை லேசு. சாவி கனம். இழுப்பது ஒரே தண்ணீர்தான்.

பெட்டியிலும் அதுதானே! உச்சியில் விசிறி, அதற்குக் கீழே சுருள். விசிறி சூடான காற்றைப் பக்கச் சுவர்கள் வழியாகக் கீழே தள்ளுகிறது. கீழே போன காற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. கூடையின் அடித்துளைகள் வழியாகப் புகுந்து, நடுவில் மேலெழும்பி, சுருளைக் கடந்து, விசிறிக்கே திரும்புகிறது. அப்படிச் சுற்றிச் சுற்றி வருவதால்தான் வறுவல் எல்லாப் பக்கமும் முறுகுகிறது. எண்ணெயின் வேலையைக் காற்று செய்வது இப்படித்தான். அந்தக் காற்றின் வழியில் கனமாக எது கிடந்தாலும் கிடக்கும். லேசாக எது கிடந்தாலும் தூக்கிக்கொண்டு போய்ச் சுருளில் ஒட்டிவிடும். உருகத் தொடங்கும் முன்பே காய்ந்து விளிம்பு தூக்கிய சீஸ் தகடு ஓர் இலை. தக்காளி அதன்மேல் உட்கார்ந்திருந்த நாட்களில் அது பறக்க முடியவில்லை. தக்காளியை எடுத்ததும் பறந்தது.

"தானாத்தான் போச்சு!" என்று குளக்கரையில் கத்துவது போலக் கத்தினார். நிறுத்தம் முழுவதும் திரும்பியது.

"ஒழுங்கு!" என்றார் தலைவர்.

விசில் தொண்டையைச் செருமினார். "சார். விதிப்படி, புகை எந்த வீட்டுப் பொருள்ல இருந்து வந்ததோ அந்த வீட்டார்தான் வருத்தவுரை சொல்லணும். உள்ள இருந்தது உங்க தாள் மட்டும்தான்."

"அது குழுவோட தாள்."

"கையெழுத்து உங்களுது சார்."

ஒன்பது மாடிகளும் அவரைப் பார்த்தன. தலைவர் படியேறி மைக்கை வாங்கினார். "நான் வருத்தப்படறேன்," என்றார். அங்கேயே முடித்திருக்கலாம். "எதுக்காக வருத்தப்படறேன்னு விளக்கக் கடமைப்பட்டிருக்கேன். தாள் மேல போனது தாளோட தவறு. ஆனா, மேல போகணும்னு ஆசைப்படறது மனுஷ இயல்பு. நானும் ஒரு காலத்துல இயக்குநர் பதவிக்கு..." என்று தொடங்கிவிட்டார். பதவி உயர்வு தவறிய வரலாறு ஒவ்வொரு ஆண்டாக வந்தது. வருத்தவுரை முடியும்வரை யாரும் மேலே போகக் கூடாது. வெயில் ஏறியது. யாரோ தரையில் உட்கார்ந்தார்கள்; அதைப் பார்த்து எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

மனைவி கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, எனக்குப் பசிக்குது."

இத்தனை வாரத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. பயிற்சியாளர் பெட்டியைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போகலாமா? சீட்டு எரிஞ்சுபோச்சே."

விசில் குனிந்து உள்ளே பார்த்தார். "சீட்டு எப்பவும் உள்ளேயே இருக்கணும்னுதானே நிபந்தனை? உள்ளதான் இருக்கு. கறுப்பா இருக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை." குரலைத் தாழ்த்தினார். "லிஃப்டை நான் போட்டு விடறேன், போங்க. அம்மாவோட ஏழு மணிச் செய்தி இல்லாம எங்க வீட்டுல காபி இறங்கலை. இவர் இன்னும் துணை இயக்குநரே ஆகலை, நேரம் இருக்கு."

வீட்டில் பயிற்சியாளர் முதலில் பெட்டியை ஆறவிட்டார். பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுருளிலிருந்த அனுமதியை மெல்லத் தேய்த்து உதிர்த்தார். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டார். பிறகு ரொட்டியை எடுத்தார்.

"இந்தத் தடவை பறந்துதுன்னா?" என்றாள் மனைவி, நாற்காலியில் சாய்ந்தபடி.

"பறக்காது."

"தலைவர் மாதிரியே சொல்றீங்க."

அவர் ரொட்டியின் மேல் குனிந்துகொண்டார். கையில் வேலை இருந்தது. மணி அடித்ததும் கூடையை அவளே இழுத்தாள். மேல் ரொட்டி சிவந்திருந்தது. கடித்தபோது சீஸ் நூலாக நீண்டு அவள் மோவாயில் ஒட்டியது. பாதி முடிந்தது. அவள் குளியலறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டை நீட்டினாள்.

"இன்னொண்ணு."

அவர் செய்தது இவ்வளவுதான். சீஸை ரொட்டியின் மேல் திறந்து வைக்கவில்லை. இரண்டு ரொட்டிகளுக்கு நடுவில் வைத்தார். மேல் ரொட்டி பறக்காதிருக்க, தண்ணீரில் நனைத்த, பல் குத்தும் மரக்குச்சிகள் இரண்டை எதிரெதிர் மூலைகளில் கீழ் ரொட்டிவரை இறங்கும்படி குத்தினார். சீஸ் உருகி இரண்டையும் ஒட்டியதும் குச்சிகளை உருவிவிட்டுப் பரிமாறினார்.